பூட்டு நமது, சாவி யார் கையில்?

குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புது யந்திரத்தைப் பற்றி எங்கும் பேச்சாக இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய சர்க்கார் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்தை அனுமதித்தது. 2025இல், பக்கத்து ஆந்திராவின் அமராவதியில் அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனியின் யந்திரம் நிறுவப்படும் என்று அறிவிப்பு வந்தது. விஞ்ஞானம் வளர்வதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அந்த யந்திரம் யாருடைய பிடியில் இருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

திருவண்ணாமலையில் ரேஷன் அரிசிக்காகக் கைரேகை வைக்கும் விவசாயத் தொழிலாளிக்கும், பாங்கியில் சம்பளம் வாங்கும் மில் தொழிலாளிக்கும் இதில் என்ன சம்பந்தம்? அந்த ரேகையும் அந்தப் பணக் கணக்கும் கணிதப் பூட்டுப் போட்டுத்தான் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. பலம் பொருந்திய குவாண்டம் யந்திரம் இந்தப் பூட்டுகளில் முக்கியமானவற்றை உடைத்துவிடும். அவ்வளவு பலமுள்ள யந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் பூட்டிய பெட்டியை இன்றே திருடிப் பதுக்கி, யந்திரம் வந்தபின் திறக்கலாம். ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியுமா?

அபாயம் இதோடு நிற்கவில்லை. இவ்வகை யந்திரங்களில் பல, கடுங்குளிரில்தான் ஓடும். அந்தக் குளிருக்கு ஹீலியம்-3 என்ற அபூர்வ வாயு வேண்டும். அணுகுண்டுக்காகத் தயாரித்த ட்ரிட்டியம் சிதைவதில் அது கிடைக்கிறது. இருப்பில் பெரும்பகுதி அமெரிக்கா, ரஷ்யா கையில். 2024 செப்டம்பரில் குவாண்டம் யந்திரங்களுக்கும் உறுப்புகளுக்கும் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உதிரிபாகம் வராவிட்டால் தறி நின்றுவிடும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியாததல்ல.

நமக்கு இது புதிய அனுபவமுமல்ல. 1980களில் நாம் கேட்ட சக்திவாய்ந்த க்ரே கம்ப்யூட்டரை அமெரிக்கா மறுத்தது. 1991இல் நம் விஞ்ஞானிகள் பரம் 8000ஐச் செய்து காட்டினார்கள். 1993இல் அமெரிக்க நிர்ப்பந்தத்தால் ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தைத் தர ரஷ்யா பின்வாங்கியது. 2014இல் நம் சொந்த எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது.

வராத சரக்கு ஓர் ஆபத்து. வந்த சரக்குக்குள் ஒளிந்திருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. 2024 செப்டம்பரில் லெபனானில், கடல் கடந்து வந்த பேஜர் கருவிகளுக்குள் வைத்திருந்த வெடிமருந்து வெடித்துக் குழந்தைகளும் மாண்டனர். குவாண்டம் யந்திரத்தில் வெடிமருந்து தேவையில்லை. உளவு பார்க்கும் ஒரு சில்லு போதும்.

மளிகைக் கடைத் தராசுக்குக்கூட சர்க்கார் முத்திரை வேண்டும். அப்படியிருக்க, தேசத்தின் ரகசியங்களைத் தொடும் யந்திரத்துக்கு முத்திரை போடுவது யார்?

ஒவ்வொரு உறுப்பும் எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் வேண்டும். அதைத் திறந்து சோதிக்க நம் சொந்தச் சோதனைச்சாலைகள் வேண்டும். முக்கிய உறுப்புகளைப் பொதுத்துறையில் உற்பத்தி செய்ய வேண்டும். குவாண்டம் யந்திரத்துக்கு அசையாத புதுப் பூட்டுகளுக்கு 2024இலேயே தர விதிகள் வெளிவந்துவிட்டன. ரேஷனுக்கும் பாங்கிக்கும் அவற்றை முதலில் போட வேண்டும். பூட்டு உடைந்த பிறகு காவல் போட்டுப் பயனில்லை. சர்க்கார் இன்றே செயலில் இறங்கட்டும்!