விடுதலைப் பத்திரம்

மார்ச் மாதம் வந்தால் கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'உனக்கு உண்மையாக இரு', 'கொள்கையோடு வாழ்', 'இலட்சியப் பெண்'. பொன்னாடை, நினைவுப் பரிசு, கைத்தட்டல். பதினோரு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்த அதே மாதக் கடைசியில், ஊரில் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா விட்டுப்போன வீட்டிலும் நிலத்திலும் எனக்கிருந்த பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பதற்காக.

அந்த ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், கவிதை எழுதுகிறவள். 'விடுதலை' என்ற சொல்லை எத்தனையோ மேடைகளில் உரக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, விரல்ரேகை வைத்து, புகைப்படத்துக்கும் முகம் காட்டியது அன்றைக்கு மட்டும்தான். அன்று விடுதலையானது நானல்ல. என்னிடமிருந்து சொத்து விடுதலையானது.

யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இல்லாமல் மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பதாகப் பத்திரத்தில் இருந்தது. உண்மைதான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணன் வாய்திறந்து கேட்கவுமில்லை. அம்மாதான் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்கென்னடி, கைநிறையச் சம்பளம். அவன்கிட்டப் போய்ப் பங்கு கேட்டு நிப்பியா? நாளைக்கு நான் இல்லேன்னாலும் பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணுமில்ல."

"எனக்கு எதுவும் வேணாம்மா" என்றேன். ஊர் என்னைப் பெருந்தன்மைக்காரி என்றது. நானும் அதை நம்பினேன்.

அது பெருந்தன்மை இல்லை, பயம். தீபாவளிக்குப் போய் இறங்கினால் அண்ணி முகம் கொடுத்துப் பேசுவாளா? சொத்துக்கு அலைகிறவள் என்று சொந்தத்தில் பேசுவார்களா? மகளுக்குத் தாய்மாமன் சீர் வராமல் போய்விடுமா? சடங்கே கூடாது என்று கட்டுரை எழுதியவள்தான் சீரை நினைத்தும் பயந்தேன். அந்தப் பயத்துக்கு நானே ஒரு பொன்னாடை போர்த்திவிட்டேன்.

'உன் மனம் சொல்வதைக் கேள்' என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். என் மனம் அன்றைக்கு மிகத் தெளிவாகத்தான் பேசியது: கேட்காதே என்றது. கேட்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்றும் விட்டுக்கொடுப்பவளைக் குலவிளக்கு என்றும் கேட்டு வளர்ந்த மனம் வேறு எதைச் சொல்லும்? சுயநேர்மை என்பது மனம் சொல்வதற்குத் தலையாட்டுவதில்லை. இந்தக் குரல் யாருடையது, இதனால் லாபம் யாருக்கு என்று அந்த மனத்தையே நிறுத்திக் கேட்பது.

இந்த உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச்சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்னது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அதிலும் ஏற்கெனவே மணமான மகள்களுக்கு இடமில்லை. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. தந்தை 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு வந்துசேர அறுபது வருடம் ஆயிற்று. நான் அதைக் கைகழுவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தும்போது, கணவன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நின்றதும் கண்ணகி சிலம்பைத் தர முன்வரும் இடத்தில் குரல் தழுதழுக்கப் பேசிவந்தேன். அரசவையில் அவள் வழக்காடும் இடத்தில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வழக்கும் தனக்காக அல்ல, கொல்லப்பட்ட கணவனுக்காக. பிறருக்காக வழக்காடும் பெண்ணுக்கு நாம் கோயில் கட்டுவோம். தனக்கு வரவேண்டியதைத் தானே கேட்கிறவளைச் சொந்த வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

இது என்னோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, போன பங்கால் நான் பட்டினி கிடக்கவில்லை. என் சித்தப்பா மகள் அப்படியில்லை. கணவன் விட்டுப்போன பிறகு குழந்தையோடு ஊருக்குத் திரும்பி, ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள். அவள் தம்பிகள் பத்திரத்தை நீட்டியபோது தயங்கியிருக்கிறாள். "டாக்டர் பட்டம் வாங்கின அக்காவே எழுதிக் குடுத்துட்டாங்க, ஒனக்கென்ன?" என்றிருக்கிறார்கள். போட்டுவிட்டாள். இன்று வாடகை வீட்டில் இருக்கிறாள்.

"நீ போட்டியேன்னுதான்க்கா நானும் போட்டேன்" என்று போன வருடம் ஒரு சாவு வீட்டில் வைத்துச் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரலில்லை. ஏதோ தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். என் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவள் அவள்.

பணத்துக்காக உறவை முறிப்பதா என்று கேட்பார்கள். பங்கு கேட்டவுடன் முறிகிற உறவை நம் கையெழுத்தால்தானே இத்தனை நாள் முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்திருக்கிறோம்? நகையும் சீரும் செய்தாயிற்றே என்பார்கள். அண்ணனுடைய படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆன செலவை அவன் பங்கில் யாராவது கழித்தார்களா? புருஷன் தூண்டிவிடுகிறான் என்பார்கள். பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் ஆசையோ கணக்கோ இருக்காது என்று நம்புகிறவர்களின் பேச்சு அது.

சம்பளம் வாங்கும் தோழிகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பத்திரம் நீட்டப்பட்டால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். எவ்வளவு நிலம், என்ன மதிப்பு, உங்கள் பங்கு எத்தனை என்று கேளுங்கள். அண்ணனோ தம்பியோ உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால், உங்கள் பங்கு முதலில் உங்கள் பெயருக்கு வரட்டும். பிறகு நீங்களே கொடுங்கள். அதற்குப் பெயர் கொடை. 'வேண்டும்' என்று சொல்ல முடியாதவள் சொல்லும் 'வேண்டாம்'க்கு அந்தப் பெயர் கிடையாது.

இந்த மார்ச்சிலும் கூப்பிட்டார்கள், போனேன். கொடுத்த தலைப்பை ஒதுக்கிவிட்டு, "உங்கள் அம்மா எங்கேயாவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று இன்றைக்கு வீட்டில் கேளுங்கள்" என்று மாணவிகளிடம் சொன்னேன். நான் போட்டதையும் சொன்னேன். கைத்தட்டல் குறைவுதான். இறங்கி வரும்போது நான்கைந்து பெண்கள் வாசல்வரை என்னோடு நடந்து வந்தார்கள். அந்தப் பத்திரம் எப்படி இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டார்கள். நின்று, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.