முதலில் காயை எழுதுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சத்துணவுக் கூடங்களில், ‘இன்னைக்கு என்ன சமைக்கிறது?’ என்று யாரும் காலையில் கையைப் பிசைவதில்லை. எந்தக் கிழமைக்கு எந்தச் சாதம் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அப்படித்தான்: கிச்சடி எந்த நாள், பொங்கல் எந்த நாள் என்பதெல்லாம் முன்பே முடிவானது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சரிப்பட்டு வருகிற இந்த ஒழுங்கு, நாலு பேர் இருக்கிற வீட்டுக்கும் சரிப்பட்டு வரும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சமைப்பதைவிட யோசிப்பதுதான் பெரிய அலுப்பு. சாயங்காலம் ஏழு மணிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஃபிரிட்ஜில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மனசுக்குள் துழாவுகிறவருக்கு நல்ல யோசனை எங்கிருந்து வரும்? தோசை, பொட்டுக்கடலைச் சட்னி என்று முடிகிறது. அதற்கும் தெம்பில்லாத நாளில் பரோட்டா பார்சல். பசி அடங்கிவிடும். காய்தான் தட்டில் இருக்காது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று சொல்கிறது. அரிசியைவிடக் காய்க்கு எடை கூடுதல். நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் வாரத்துக்குப் பதினோரு கிலோ காய் வருகிறது. நாம் சந்தையிலிருந்து தூக்கி வருகிற பையை நினைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று புரியும்.

அதனால் வாரப் பட்டியல் போட உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் காயை எழுதுங்கள். ‘திங்கள் – சாம்பார்’ என்று எழுதினால் நாலு துண்டு முருங்கைக்காயோடு முடிந்துவிடும். ‘திங்கள் – அரைக்கீரை, பாசிப்பருப்பு’ என்று எழுதினால் கூட்டு வந்துவிடுகிறது; அதற்கு ஒரு ரசம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போய் வந்தால், எது முதலில் வாடுமோ அதை முதலில் சமைக்க வேண்டும். கீரை அன்றைக்கோ மறுநாளோ ஆகிவிட வேண்டும். செவ்வாய், புதனுக்கு வெண்டைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய். வியாழனுக்கு மேல் முட்டைகோஸ், கேரட், பீட்ரூட். வாரக் கடைசிக்குச் சேனையும் வெட்டாத பூசணியும் பொறுத்திருக்கும். இந்த வரிசைப்படி போனால், வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கொழகொழத்த வெண்டைக்காயை அள்ளிக் கொட்டுகிற வேலை இல்லை.

அடுத்தது ஊறவைப்பது. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் ராத்திரி ஒரு நிமிஷ வேலைதான். மறந்துவிட்டால் மறுநாள் காலை ஒன்றும் செய்ய முடியாது. புதன்கிழமைக் காரக்குழம்பில் கொண்டைக்கடலை என்று தாளில் இருந்தால், செவ்வாய் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். கொஞ்சம் கூடுதலாகவே வேகவையுங்கள்: பாதி குழம்புக்கு, மீதி பிள்ளைகளின் சாயங்காலச் சுண்டலுக்கு. இட்லி மாவுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயமும் துருவிய கேரட்டும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் குழிப்பணியாரம். பட்டியலில் ஒரு நாளைக் காலியாக விட்டுவையுங்கள். உடம்பு முடியாத நாளோ, விருந்தாளி வருகிற நாளோ அதில் அடங்கிக்கொள்ளும். அன்றைக்கு முட்டைக் குழம்பு வைக்க அரை மணி நேரம் போதும்.

இந்தப் பட்டியலை யார் எழுதுவது என்பதும் முக்கியம். வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாள் முழுக்கத் தலைக்குள் ஓடுகிற ‘அடுத்த வேளைக்கு என்ன?’ என்ற கவலையை எந்தக் கடிகாரம் அளக்கும்? அந்தக் கவலை அம்மா ஒருத்தியின் தலையில் இருக்கக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்து எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டால், யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் வேலையைத் தொடங்கலாம். அப்பா அவரைக்காய் நறுக்கலாம். பத்தாவது படிக்கிற பையன் குக்கர் வைக்கலாம். ‘என்னம்மா செய்யணும்?’ என்று போன் போடத் தேவையில்லை. சின்னவளுக்கும் ஒரு நாளைக் கொடுங்கள், அன்றைய காய் அவள் சொல்கிறதாக இருக்கட்டும்.

முதல் வாரமே ஏழு நாளும் பட்டியல்படி நடக்காது. நடக்க வேண்டியதும் இல்லை. நாலு நாள் நடந்தாலே லாபம்தான். அந்த நாலு நாளும் வீட்டில் எல்லோர் தட்டிலும் நிறையக் காய் இருந்திருக்கும்.