டீ போட்டால் தீர்ந்துவிடாது

“ஒரு டீ போட்டு உட்டா முடிஞ்சுதுங்க சார்.”

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சின்ன டிராக்டர் வாங்கி அதற்கு முன்னால் லோடரும் மாட்டியிருக்கிற தோட்டக்காரர்கள் இந்த வாசகத்தைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். குடிக்கிற டீ இல்லை. ஹைட்ராலிக் குழாயை இரண்டாகப் பிரிக்கப் போடுகிற மூன்று வாய் இணைப்பு. இந்த ஒரு வாசகத்தை எதிர்த்துத்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் சூடாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோடருக்குத் தெரிந்த வேலை இரண்டு. கையைத் தூக்கி இறக்கும், பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்தும். மண்ணுக்கும் எருவுக்கும் அது போதும். தென்னை மட்டைக்குப் போதாது. பக்கெட்டில் பத்து மட்டையை அள்ளினால் வழியில் ஆறு விழுந்துவிடும். அதனால் பக்கெட்டின் மேல் கவ்விப் பிடிக்க ஒரு கிராப் வேண்டும். கிராப்புக்குத் தனி சிலிண்டர், அந்தச் சிலிண்டருக்குத் தனியாக எண்ணெய் வழி. மட்டை பொறுக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அதை நிறைவேற்றித் தருகிற விதத்தில்தான் எனக்குச் சண்டை.

ஒரு தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரஸ்களின் பராமரிப்பில் 31 வருடம் இருந்தவன் நான். அந்த உரிமையில் கொஞ்சம் விளக்குகிறேன்.

நம் சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் எண்ணெய் நிற்பதே இல்லை. லிவரைத் தொடாதபோதும் பம்பிலிருந்து வால்வுக்கு வந்து, அதன் நடுவழியாகப் புகுந்து, டேங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். லிவரைத் தள்ளினால் அந்த நடுவழி அடைபடும், எண்ணெய் சிலிண்டருக்குப் போகும். இப்போது பம்ப் குழாயில் டீ போட்டு அதே மாதிரி இரண்டாவது வால்வை மாட்டினால் என்ன ஆகும்? கிராப் லிவரைத் தள்ளுவீர்கள். எண்ணெய்க்குப் பக்கத்திலேயே லோடர் வால்வின் நடுவழி திறந்து கிடக்கிறது. சுமை இல்லாத வழி இருக்கும்போது அது எதற்குச் சிலிண்டரைத் தள்ளப் போகிறது? கிராப் அசையாது.

அசையவில்லை என்றதும் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல முறை நின்று பார்த்திருக்கிறேன். ஸ்பேனரை எடுத்து ரிலீஃப் வால்வை ஒரு சுற்று முறுக்குவார்கள். “பிரஷர் பத்தலைங்க.” கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. வழி பிசகிக் கிடக்கிற இடத்தில் அழுத்தத்தை ஏற்றுவது, கதவு தப்பான பக்கம் திறக்கிறது என்று பூட்டை மாற்றுகிற கதை. அதற்கும் சரிவரவில்லை என்றால் லோடர் பக்கம் போகிற குழாயில் ஒரு பால் வால்வு. அதைக் கையால் மூடிவிட்டுக் கிராப்பை இயக்க வேண்டுமாம். ரிலீஃப் வால்வு அந்த லோடர் வால்வுக்குள்ளேயே இருந்து, புதிய வால்வில் வேறொன்று இல்லாவிட்டால், மூடிய நிமிடமே பம்புக்குக் காவல் போய்விட்டது. சிலிண்டர் கடைசிவரை போய் முட்டியதும் ஹோஸோ பம்போ, எது இளைத்ததோ அது வெடிக்கும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டீயை விட்டுவிட்டு, லோடர் வால்வின் டேங்க் வாயிலிருந்து வருகிற குழாயை அடுத்த வால்வின் பம்ப் வாயில் கொடுப்பார்கள். இது வேலை செய்யும், அதுதான் ஆபத்து. எண்ணெய் வெறுமனே திரும்பிப் போவதற்கென்று செய்த அறையில் முழு அழுத்தமும் ஏறும். ஒரு மாதமோ ஒரு சீசனோ, ஓ-ரிங் பிதுங்கும், வார்ப்பு விரியும். இதற்கென்றே பல வால்வுகளில் ‘பவர் பியாண்ட்’ என்று மூன்றாவது வாய் உண்டு. அடுத்த வால்வுக்கு அழுத்தம் அந்த வாயிலிருந்து போக வேண்டும், டேங்குக்குத் தனிக் குழாய் போக வேண்டும். அதற்கான ஸ்லீவைத் தேடி வாங்க ஒரு நாள் அலைய வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளுக்குத்தான் சோம்பல்.

“வெடிச்சா மாத்திக்கலாமுங்க” என்பார்கள். ஹோஸை மாற்றலாம். விரலை?

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், இப்படி மாட்டிய ஹோஸில் எண்ணெய் கசிகிறது என்று டிரைவர் தம்பி எஞ்சின் ஓட ஓடக் கையால் தடவிப் பார்த்தார். ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ராத்திரிக்குள் கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. கோயம்புத்தூரில் கையைத் திறந்து எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று.

கார் டயரில் நாம் வைக்கிற காற்று 32 பவுண்டு. இந்தக் குழாயில் 150 பார் என்றாலே அதே கணக்கில் 2,100 பவுண்டுக்கு மேல். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் பரவும். வெளியே காயம் சின்னதாகத் தெரியும், உள்ளே திசு சாக ஆரம்பித்திருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும். டாக்டரிடம் “ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போய்விட்டது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசிவு தேட அட்டைத் துண்டு போதும், கை வேண்டாம். இதை அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. டீ போட்டவரும் சொல்லவில்லை, சம்பளம் கொடுத்தவரும் சொல்லவில்லை. தோட்டத்து டிரைவருக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு ஏது?

முறையான வழி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பக்கெட் சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களின் நடுவே ஒரு டைவர்ட்டர் வால்வு. லிவர் கைப்பிடியில் ஒரு பட்டன். அழுத்தினால் பக்கெட்டுக்குப் போன எண்ணெய் கிராப்புக்குப் போகும், விட்டால் பழையபடி. பம்ப் குழாயைத் தொடுவதே இல்லை, ரிலீஃப் வால்வையும் தொடுவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முடியாது என்பது ஒரு குறை. முதலில் கவ்வி, பிறகு தூக்கி, பிறகு கவிழ்க்கிற மட்டை வேலைக்கு அது குறையே இல்லை. இரண்டும் ஒன்றாக ஓடியே ஆக வேண்டுமென்றால், லோடர் வால்வுக்கு முன்னால் தன் சொந்த ரிலீஃப் வால்வோடு பவர் பியாண்ட் வாயும் உள்ள சோலனாய்டு வால்வைப் போடுங்கள். செலவு கூடும். எதுவானாலும் கிராப் சிலிண்டரிலேயே ஒரு பைலட் செக் வால்வு இருந்தால், ஹோஸ் போனாலும் பிடி விடாது. கிராப்பின் எடையை லோடர் தூக்கும் எடையில் கழித்துக்கொள்ளுங்கள், பின்னால் எதிர் எடை கட்டுங்கள்.

ரிலீஃபை முறுக்குவதைப் பற்றி இன்னும் ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 150 பாரில் ஏறக்குறைய 3 டன் தள்ளும். 200 பாருக்கு முறுக்கினால் 4 டன். அந்த ஒரு டன்னை யார் தாங்குவது? 3 டன்னுக்கு வெல்டு வைத்த லோடர் கையும் பின்னும்தான். நிமிடத்துக்கு 25 லிட்டர் தள்ளுகிற பம்ப், சிலிண்டர் முட்டிய பிறகும் லிவரைப் பிடித்துக்கொண்டிருந்தால், 150 பாரிலேயே 8 ஹெச்.பி.க்கு மேல் வெறும் சூடாகப் போகிறது. 24 ஹெச்.பி. வண்டியில் மூன்றில் ஒரு பங்கு!

விற்பவர்களும் யோக்கியமில்லை. கூடுதலாக ஒரு வாய் வைத்துத் தரக் கேட்டால் “வாரண்டி போயிரும் சார்” என்று கையைக் கழுவுவார்கள். வெளியே வந்தால் அவர்கள் ஆளே காதோரம் வந்து “நம்ம பட்டறை ஒண்ணு இருக்குதுங்க” என்பார். நம் ஆட்களோ, “ஜி.டி.நாயுடு வாழ்ந்த ஊருங்க இது, எங்ககிட்டயேவா” என்று மார்தட்டுகிறார்கள். அவர் பெயரை டீ ஜாயிண்டுக்கெல்லாம் இழுக்காதீர்கள், பாவம்.

தோட்டக்காரர்களுக்கும் ஒன்று. பல லட்சம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு ஹோஸில் பேரம் பேசுகிறீர்கள். ஹோஸின் மேல் R2 என்று அச்சடித்திருந்தால் உள்ளே இரண்டு அடுக்கு எஃகுக் கம்பி வலை. எழுத்தே அழிந்துபோன பழைய ஹோஸை எந்த வண்டியிலிருந்து கழற்றினார்களோ, அதை வாங்கி மாட்டாதீர்கள். பட்டறைக்குப் போனதும் “கேஜ் எங்கே” என்று கேளுங்கள். “கையில புடிச்சாலே தெரியுமுங்க” என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னிடம் ஒரு 250 பார் கேஜ் நல்ல நிலையில் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போகலாம். ஆனால் திருப்பித் தர வேண்டும். இரண்டு இருந்தது, ஒன்று போன ஆடியில் போனது இன்னும் வீடு திரும்பவில்லை.