குற்றவாளி யார்?

கதவைத் தட்டுகிறோம். உள்ளிருந்து ஒரு குரல், "404!" அவ்வளவுதான், கதவு மூடிக்கொள்கிறது. வீட்டார் இடம் மாறினரா, நாம் தெரு தவறினோமா, யாரைக் கேட்பது? பதில் இல்லை. வீடாக இருந்தால் பண்பற்ற வீடு என்போம். இணையதளமாக இருந்தால் மட்டும் "தொழில்நுட்பம்" என்று தலையாட்ட வேண்டுமாம்!

சென்ற மாதம் விசைத்தறித் தோழர் ஒருவர், அரைநாள் கூலியை விட்டுவிட்டு, பிரவுசிங் சென்டரில் அமர்ந்து மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பினார். வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எண் அத்தனையும் ஏற்றிக் கடைசிப் பொத்தானை அழுத்தினார். வெள்ளைத் திரை! நடுவே ஆங்கிலத்தில் ஒரு வரி, 500 என்றோர் எண். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார் நம்மிடம், தலைகுனிந்து.

இல்லை தோழர்களே, அவர் தவறவில்லை! 5இல் தொடங்கும் எண் வந்தால் பிழை சர்வருடையது. 4இல் தொடங்கினால் கேட்டவர் பிழை என்று கணக்கு. இதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். அலுவலகமே பக்கத்தை இடம் மாற்றும், புது முகவரிக்கு வழி வைக்க மறக்கும். பழைய முகவரியை நம்பி வந்தவன் தலையில் 404 விழும்! இடம் மாறினால் வந்தவரைப் புது இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க 301 இருக்கிறது. அடியோடு எடுத்துவிட்டோம் என்று சொல்ல 410 இருக்கிறது. வழி இல்லாமலில்லை, மனம் இல்லை.

எண் இயந்திரத்துக்கு, அதனோடு வரும் பக்கம் மனிதனுக்கு. 1996இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிகளே சொல்கின்றன: பிழை நேர்ந்தால் விளக்கம் தர வேண்டும், அது தற்காலிகமா நிரந்தரமா என்றும் கூற வேண்டும். அந்த விளக்கத்தைத் தமிழில் எழுதாதே என்று எந்த விதியும் தடுக்கவில்லை!

பிரிட்டிஷ் அரசு தன் இணையதளங்களுக்கு வகுத்துள்ள வழிகாட்டியைப் பாருங்கள். பக்கம் கிடைக்கவில்லை என்று நேராகச் சொல். முகவரியைச் சரிபார்க்கச் சொல். யாரை அணுகுவது என்று சொல். 404 என்ற எண்ணைக் காட்டாதே, சிவப்பு எழுத்தால் மிரட்டாதே, "அடடா" என்று அசடு வழியாதே. சேவை பழுதானால், நிரப்பிய விடைகள் காப்பில் உள்ளனவா என்பதையும் சொல். ஆண்டவரிடம் கற்பதா என்று சிலர் முகம் சுளிப்பர். நல்லதைக் கற்க நமக்கு நாணமில்லை. நம் ஊர்த் தளங்கள் சிலவோ அழும் பொம்மையை வரைந்து அதையே உதவி என்கின்றன. கூலி இழந்தவனுக்குக் கேலிப்படமா?

நாம் கேட்பது அலங்காரமல்ல, நான்கு வரித் தமிழ்: "பிழை எங்களுடையது. உங்கள் விண்ணப்பம் பதிவாகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து முயலுங்கள். அவசரமானால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்."

அந்தத் தோழர் மறுநாளும் அரைநாள் கூலியை விட்டார். விண்ணப்பம் ஏறிற்று. முதல் நாள் ஏன் ஏறவில்லை என்று இன்றுவரை எவரும் அவருக்குச் சொல்லவில்லை.