படம் பார்க்கப் பெரும்பொறி எதற்கு?

புனே நகருக்கு இரு பெருமைகள் உண்டு. ஒன்று, 1917இல் தோன்றிய பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம். அங்குள்ள இருக்குவேதச் சுவடிகள் 30-ஐ 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மற்றொன்று, 1991இல் சி-டாக் நிறுவனம் ஆக்கிய ‘பரம் 8000’ மீக்கணினி. ஏடும் பொறியும் ஒருங்கே வாழும் ஊர் இது.

இத்தகைய ஊரில் பயில வரும் நம் மாணவர் சிலர், “சுவடிப் படங்களைத் திறந்தால் கணினி திணறுகிறது, புதிது வாங்காமல் ஆராய்ச்சி நடவாது” என்கின்றனர். பெற்றோர் கடன்பட்டு, விளையாட்டுக்கென அமைந்த விலையுயர்ந்த கணினியை வாங்கித் தருவதும் உண்டு. தேவைதானா இச்செலவு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் படமெடுத்தால், அதில் ஏறத்தாழ 3 கோடியே 48 இலட்சம் புள்ளிகள் இருக்கும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட். ஆக 104 மெகாபைட். வட்டில் அப்படம் சுருங்கிச் சிறிதாகவே கிடக்கும். ஆனால் சுருட்டிய பாயை விரித்துத்தானே படுக்க வேண்டும்? திறந்ததும் முழுவதும் நினைவகத்தில் விரிகிறது. பத்துப் படங்களை ஒருங்கே திறந்தால் 1,000 மெகாபைட்டைத் தாண்டும். 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினி திணறுவதில் வியப்பென்ன?

எனவே, முதலில் வேண்டுவது நினைவகம். 8 ஜிகாபைட் இருந்தால் பெரும்பாலான படிப்பு வேலைக்குப் போதும். ஆயிரக்கணக்கான படங்களை விரைந்து புரட்ட எஸ்.எஸ்.டி. உதவும். தனி கிராபிக்ஸ் கார்டோ அசையாப் படத்துக்கு வேண்டுவதே இல்லை. மென்பொருளும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1996 முதல் வழங்கிவரும் இர்பான்வியூ சில மெகாபைட் அளவினதே. கூடுதல் நினைவகம் பொருத்த இடமுள்ள கணினியைத் தூக்கி எறிவது, திரி கருகியதற்காக விளக்கையே உடைப்பதாகும்.

நிற்க. குற்றம் மாணவன் கணினியின்மேல் மட்டுமா? 1366க்கு 768 புள்ளியுள்ள திரை ஒரு வேளையில் காட்டுவது பத்தரை இலட்சம் புள்ளிகளே. அதாவது, அந்தப் பக்கத்தில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு! காணாத பங்கை ஏன் சுமக்க வேண்டும்? படத்தைச் சிறு சிறு ஓடுகளாக வெட்டி, வேண்டிய ஓட்டை மட்டும் அனுப்பினால் 6 மெகாபைட்டில் காரியம் முடியும். 2005இல் வந்த கூகுள் வரைபடம் அவ்வாறுதான் உலகையே கைக்குள் காட்டுகிறது. உலகுக்கு இயன்றது ஓர் ஓலைக்கு இயலாதா?

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடினார். இன்று ஏடே நம்மைத் தேடி வரக்கூடும். ஆனால் பணமுள்ளவன் பொறியில் மட்டுமே அது திறக்குமாயின், பூட்டிய பெட்டிக்கும் அதற்கும் வேற்றுமை என்ன? சுவடிகளைப் படமாக்கும் நிலையங்கள், எளிய கணினியை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். நம் மன்றமும் சும்மா இருத்தலாகாது. படிப்பு முடித்துச் செல்வோரின் பழைய கணினிகளைப் பெற்று, நினைவகம் கூட்டி, புதிதாய் வருவோர்க்கு இரவல் தரலாம். கடனின்றிக் கற்க வழி காண்போம், வாரீர்!