கருவிக்கு முன் பரிசோதனை

பிழைப்புக்காக மைசூர் வந்த தமிழர்களில் பலர் இரைச்சலுக்கு நடுவே உழைப்பவர்கள். தறிக்கூடம், பட்டறை, மர மில் என்று பத்துப் பதினைந்து வருடம் கழிந்தபின் காது மந்தமாகிறது. வயது ஏறினால் குமாஸ்தாவுக்கும் அதே கதிதான். மேலதிகாரி சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று என்றாகும்போது 'கவனக்குறைவு' என்று பெயர் வாங்குகிறார்களே தவிர, காது கேட்கவில்லை என்று சொல்வதில்லை. வேலைக்கே ஆபத்து வருமோ என்ற அச்சம்!

பிறகு ஒருநாள், கையிலுள்ள பணத்துக்குக் கடையில் ஒரு கருவியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே வாரத்தில் அது பெட்டிக்குள் போய்விடுகிறது. வெறும் இரைச்சல்தான் கேட்கிறதாம். இதில் வியப்பில்லை. இரைச்சலால் கெட்ட காது முதலில் இழப்பது கீச்சென்ற உச்ச ஒலிகளையே. குரல் கேட்கும், சொல் விளங்காது. எல்லா ஒலியையும் ஒன்றுபோல் பெருக்கினால் தொல்லைதான் பெருகும். எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அதற்கேற்பக் கருவியை அமைக்க வேண்டும்.

அதற்கான இடம் மைசூரிலேயே இருக்கிறது. மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிலையம் 1965-ல் தோன்றியது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. வெளி மாநிலத்தார் ரயிலேறி வரும் இடத்துக்கு உள்ளூர்க்காரர் போகாதிருப்பது விந்தையே.

அங்கு செல்பவர் வெட்கத்தை விட்டு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, தாய்மொழி. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையும் உண்டு. அதைத் தமிழில் செய்யும்படி கேட்பதே முறை. பாதி தெரிந்த கன்னடத்தில் தவறினால், தவறியது காதா, மொழியா என்று எப்படித் தெரியும்? இரண்டாவது, வேலை. வியர்வையில் நனைபவருக்கும், தொலைபேசியில் பேசுபவருக்கும், வீட்டோடு இருக்கும் முதியவருக்கும் ஒரே கருவி பொருந்தாது. விரல் நடுங்குபவருக்குச் சின்னஞ்சிறு பொத்தான் பாட்டரி உபத்திரவம். சட்டைப்பையில் வைக்கும் கருவி அவருக்குச் சுலபம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். குறைந்த வருமானம் உள்ளோருக்குக் கருவி வழங்க 1981 முதல் மத்திய அரசின் 'அடிப்' திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றுடன் விசாரிக்கலாம்.

முதலாளிகளுக்கும் பொறுப்புண்டு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, சட்டம் அறிவிக்கச் சொல்லும் நோய்களில் ஒன்று. காதடைப்பான் தருவதும், ஆண்டுதோறும் தொழிலாளரின் காதைச் சோதிப்பதும் தர்மமல்ல, கடமை.

கண்ணுக்குக் கண்ணாடி போட யாரும் கூசுவதில்லை. காதுக்கு மட்டும் கூச்சம் எதற்கு? கருவியைப் பிறகு வாங்கலாம். பரிசோதனையை முதலில் செய்துகொள்ளட்டும்.