கிராஷ் கார்டு: காலுக்கா, இன்ஜினுக்கா?

திருவண்ணாமலையில் புது பைக் எடுத்தால் முதல் வேலை கோயில் வாசலில் பூஜை. ஹேண்டில்பாரில் மாலை, டேங்கில் சந்தனப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். அடுத்த வேலை கிராஷ் கார்டு. சாமி பார்த்துக்கொள்ளும், இருந்தாலும் கொஞ்சம் இரும்பும் துணைக்கு இருக்கட்டுமே என்ற முன்ஜாக்கிரதை!

அதில் தவறில்லை. ஆனால் அந்த இரும்பு எதைக் காப்பாற்றும் என்று தெரிந்துதான் மாட்டுகிறார்களா? அங்கேதான் சிக்கல்.

நம் ஊர்க் கடைகளில் இதற்கு இன்னொரு பெயர் 'லெக் கார்டு'. பெயரைக் கேட்டதும் கால் பத்திரம் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. ஆனால் ராயல் என்ஃபீல்டு தன் துணைப் பொருட்கள் பட்டியலில் இதையே 'இன்ஜின் கார்டு' என்று சொல்லி விற்கிறது. தயாரிப்பவருக்குத் தெரிந்த விஷயம் வாங்குபவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். 1981ல் வெளிவந்த அந்த அறிக்கை கிராஷ் கார்டு பற்றித் தெளிவாகச் சொன்னது: கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது. ஆனால் முழங்கால், தொடை, கீழ்க்காலில் காயம் கூடுகிறது. இரண்டும் ஈடாகிவிடுவதால், காயத்தைத் தடுக்கும் சாதனமாக இதைக் கருத முடியாது. யோசித்தால் புரியும். மோதும்போது வண்டி நின்றுவிடும், ஓட்டுபவர் உடம்பு நிற்காது. முன்னால் தூக்கி எறியப்படும் கால் முதலில் சந்திப்பது அந்த இரும்புக் கம்பியையே.

அப்படியானால் கிராஷ் கார்டு வீணா? இல்லை. பௌர்ணமி இரவில் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒருவர் தன் வண்டியை இழுக்கும்போது பக்கத்து வண்டி சாய்கிறது, அது அடுத்ததைத் தள்ளுகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மட்டுமே 195 கிலோ. அது நின்ற இடத்தில் விழுந்தால்கூட கிளட்ச் லீவர் உடையும், இண்டிகேட்டர் நொறுங்கும், டேங்க் நசுங்கும், இன்ஜின் கவரில் விரிசல் விடும். இங்கே கிராஷ் கார்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். வண்டியின் பாகங்களைக் காப்பது அதன் வேலை. அதற்காக மாட்டுங்கள், தாராளமாக.

வீட்டிலேயே மாட்டலாமா? மாட்டலாம். பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் அந்த மாடலுக்கென்றே செய்த கார்டாக வாங்க வேண்டும். பல வண்டிகளில் இது இன்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டிலேயே வந்து சேரும். அந்த போல்ட்டை உருவும்போது இன்ஜின் கொஞ்சம் இறங்கிவிட்டால் துளைகள் நேராக நிற்காது. அதனால் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கல் கொடுத்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். எல்லா போல்ட்டையும் கையால் பாதி முறுக்கி, கார்டு இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கிறதா என்று பார்த்த பின் கடைசியில் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடைசி இறுக்கலை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

துளை சேரவில்லை என்றால் சுத்தியலால் அடித்துச் சேர்க்கக் கூடாது. ஃபிரேமில் வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் ஃபிரேமின் பலம் குறையும். மாட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை அமுக்கி, மட்கார்டு கம்பியில் இடிக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்காவது நசுங்குகிறதா, பிரேக் பெடலுக்கும் கியருக்கும் கால் தடையில்லாமல் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி சோதித்தால் வேலை முடிந்தது.

ஆனால் எவ்வளவு அகலமான கார்டு என்பது வண்டிக்காரர் மட்டும் முடிவு செய்யும் விஷயம் அல்ல. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் நடப்பவர்கள் பெரும்பாலும் செருப்பில்லாமல் நடப்பவர்கள். செங்கம் சாலையில் அவர்களை ஒட்டியே பைக்குகள் போகின்றன. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி சரியாக அவர்களின் முழங்கால், கெண்டைக்கால் உயரத்தில் வருகிறது. கார்களின் முன்னால் மாட்டும் புல் பார்களால் பாதசாரிகளுக்கு ஆபத்து என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காருக்குப் பொருந்தும் அந்த நியாயம் பைக்குக்கும் பொருந்தத்தானே வேண்டும்? அகலமான கம்பி நெரிசலில் ஆட்டோவில் மாட்டினால், ஓட்டுபவரையே கீழே தள்ளிவிடும் என்பது தனிக் கதை. ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டாத, முனைகள் வளைந்து முடியும் கார்டே போதும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் பந்தா!

வேடிக்கை என்னவென்றால், முன்னால் பாதுகாப்புக்காகக் கம்பி மாட்டும் அதே இளைஞர்கள் பின்னால் இருக்கும் சாரி கார்டைக் கழற்றி மூலையில் போடுகிறார்கள். அசிங்கமாக இருக்கிறதாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் விதி 123 என்ன சொல்கிறது? பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பைத் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த வண்டியில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவது யார்? புடவை கட்டிய அம்மா. இன்ஜினுக்குக் காவல் உண்டு, அம்மாவின் முந்தானைக்குக் கிடையாது. இது என்ன கணக்கு?

ஹெல்மெட் கதையும் இதேதான். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 1,68,000 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர். அவர்களில் 14,000க்கும் அதிகமானோர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் கிராஷ் கார்டைக் கைவிட்ட அதே ஹர்ட் அறிக்கை, தலைக்காயத்தைத் தடுப்பதில் ஹெல்மெட்டுக்கு நிகரில்லை என்று சொன்னது.

எனவே நண்பர்களே, கிராஷ் கார்டு வாங்கக் காசு எடுத்து வைக்கும் முன் வீட்டில் எத்தனை ஹெல்மெட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் முதலில் இரண்டாவதை வாங்குங்கள். மூலையில் கிடக்கும் சாரி கார்டைத் துடைத்து மாட்டுங்கள். அதற்கும் இதே ஸ்பேனர்தான். அதன் பிறகு மிச்சம் இருக்கும் காசில் கிராஷ் கார்டு மாட்டிக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.